கைவிட்ட கல்குவாரியில் குப்பை கொட்டினால் போர்வெல் தண்ணீர் கெடுமா?

கேட்டவர் பெங்களூருக்கு வெளியே, ஹொசகோட்டே தாண்டிக் குடியிருக்கிறார். பக்கத்தில் பல வருடமாகச் சும்மா கிடக்கும் ஒரு கல்குவாரியைக் குப்பைக் கிடங்காக்கப் பேச்சு நடக்கிறதாம். "ஏரி 200 மீட்டருக்கு அப்பால் இருக்கிறது, குடிநீர்க் கிணறு எதுவும் 200 மீட்டருக்குள் இல்லை, அடியில் முழுக்கக் கருங்கல், உங்கள் போர் எல்லாம் 900 அடி ஆழம், பிறகென்ன பயம்" என்கிறார்களாம். இது சரியா, இடம் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் எதைப் பார்க்க வேண்டும், ஊர்க்காரர்கள் என்ன கேட்கலாம் என்பது கேள்வி.

நேராகச் சொல்லிவிடுகிறேன். அந்த நான்கு சமாதானங்களில் முதல் இரண்டும் சட்டப்படி சரியாக இருக்கலாம், ஆனால் போதாது. மூன்றாவது அப்படியே தலைகீழ். நான்காவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது, காதில் விழும்போது ரொம்ப நியாயமாகப் படும் என்பதால்.

பாறையிலிருந்து தொடங்கலாம். பெங்களூர், கோலார், ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் ஒரே பாறைக் குடும்பத்தின் மேல் இருக்கின்றன. நைஸ், கிரானைட் என்று 250 கோடி ஆண்டுக்கும் மேல் பழசான கற்கள். அதில் ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் தண்ணீர் உள்ளே போகாது என்பது உண்மைதான். ஆனால் அதே கல்லில்தானே நீங்கள் போர் போட்டீர்கள், தண்ணீர் எங்கிருந்து வந்தது? வெடிப்புகளிலிருந்து. நம் ஊரில் நிலத்தடி நீர் இரண்டு இடத்தில் இருக்கிறது: மேலே செம்மண்ணுக்கு அடியில் பாறை மக்கிப்போய் மொறமொறவென்று இருக்கும் பகுதியில், அதாவது போர்க்காரர் கேசிங் பைப் இறக்கும் ஆழம் வரை, அதற்குக் கீழே கெட்டிப் பாறையில் ஓடும் வெடிப்புகளில். இந்த வெடிப்புகளின் குணம் ஒன்று உண்டு. அகலம் இரண்டு மடங்கானால் அதில் ஓடும் தண்ணீர் இரண்டு மடங்காகாது, எட்டு மடங்காகும், ஏனென்றால் ஓட்டம் அகலத்தின் மும்மடிக்குப் பெருகுகிறது. அதனால்தான் ஒரு மனையில் 300 அடியில் கொட்டுகிறது, அடுத்த மனையில் 1,200 அடி தோண்டியும் புழுதிதான் பறக்கிறது. இதே காரணத்தால் அழுக்கு நீரும் 'சுற்றுவட்டாரம் முழுக்க மெல்லப் பரவும்' என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒரு வெடிப்பு கிடைத்தால் அதன் வழியே வெகுதூரம் போய்விடும், நடுவில் இருக்கும் பத்துக் கிணறு சுத்தமாகவே இருக்கும்.

இப்போது குவாரியை யோசியுங்கள். குப்பைச் சாற்றைக் கொஞ்சமாவது தடுக்கக்கூடியது மேலே உள்ள மண்ணும் மக்கிய பாறையும்தான். அதில் இருக்கும் களிமண் அம்மோனியத்தையும் உலோகங்களையும் பிடித்து வைக்கும், நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சாப்பிடும், நேரமும் கிடைக்கும். குவாரி தோண்டியபோது முதலில் வழித்து எறிந்ததே அதைத்தான். ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டு டிகாக்ஷன் இறக்குகிற மாதிரி. மிச்சம் இருக்கிற கெட்டிப் பாறையும் பழைய பாறை இல்லை, வருடக் கணக்கில் வெடி வைத்ததில் இருந்த விரிசல்கள் அகன்று, இல்லாத இடத்தில் புது விரிசல் விழுந்திருக்கும். போதாக்குறைக்குக் குழி. மழை முழுக்க அதில்தான் இறங்கும். பல குவாரிகளில் கோடையிலும் பச்சையாகத் தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மழைநீர் மட்டும் இல்லாமல் ஊற்றும் இருந்தால் குழியின் அடி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டது என்று அர்த்தம். அங்கே கொட்டும் குப்பை நிலத்தடி நீருக்கு மேலே இருக்காது, உள்ளேயே இருக்கும்.

"அடியிலும் சுவரிலும் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிடுவோம்" என்பார்கள். செங்குத்தாக, கோணல்மாணலாக, கூர் கூராக நிற்கும் 20 மீட்டர் பாறைச் சுவரில் ஷீட்டை ஒட்டி நிறுத்துவதும், அதற்குப் பின்னால் களிமண் அடுக்கு வைத்து இறுக்குவதும் எவ்வளவு கஷ்டம் என்று அந்த வேலை செய்தவர்களைக் கேளுங்கள். முடியாது என்று சொல்லவில்லை, உலகில் செய்திருக்கிறார்கள், செலவு அதிகம், மேற்பார்வை இன்னும் அதிகம். நம் டெண்டர்களில் அந்த இரண்டுக்கும் எவ்வளவு இடம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, இவ்வளவு மோசமான இடம் என்றால் ஏன் திரும்பத் திரும்பக் குவாரிக்கே போகிறார்கள்? பெங்களூரில் ஒரு நாளைக்குச் சுமார் 5,000 டன் குப்பை சேர்கிறது. மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு 2012இல் மூடப்பட்டது. மண்டூர் கிடங்கில் ஊர்க்காரர்கள் 2014இல் லாரிகளை மறித்துப் போராடி, அந்த வருட முடிவில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகு குப்பை போனது பெரும்பாலும் பழைய கல்குவாரிகளுக்கு: பெல்லஹள்ளி, மிட்டகானஹள்ளி, பாகலூர் (ஓசூர் பக்கத்துப் பாகலூர் இல்லை, எலகங்காவுக்குக் கிழக்கே இருப்பது). காரணம் நிலத்தடி நீரியல் இல்லை. அரசு நிலம், கையகப்படுத்த வேண்டாம், ஏற்கெனவே குழி இருக்கிறது, லாரி போகப் பாதை இருக்கிறது, விவசாயி யாரும் வழக்குப் போட மாட்டார். அவ்வளவுதான்.

வரைபடத்தில் சட்டத்தைப் போட்டுப் பார்த்தாலும் ஏன் இந்த நெருக்கடி என்று புரியும். 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் (இவற்றுக்குப் பதிலாக 2026இல் புதிய விதிகள் வந்துவிட்டன, இங்கே 'விதி' என்று நான் சொல்வதெல்லாம் 2016ஐ) ஆற்றிலிருந்து 100 மீட்டர், குளத்திலிருந்து 200, நெடுஞ்சாலை, குடியிருப்பு, பூங்கா, குடிநீர்க் கிணறு இவற்றிலிருந்து 200, விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் என்கின்றன. விமான நிலைய விஷயத்தில் அனுமதி வாங்கினால் 10 கிலோமீட்டர் வரை நெருங்கலாம். கடந்த 100 ஆண்டு வெள்ளம் தொட்ட நிலம், சதுப்பு நிலம் கூடாது. தேவனஹள்ளி விமான நிலையம், எலகங்கா விமானப்படைத் தளம், பழைய எச்ஏஎல் விமான நிலையம் மூன்றையும் சுற்றி 20 கிலோமீட்டர் வட்டம் போடுங்கள், நகரமும் வடக்கும் கிழக்கும் பெரும்பகுதி போய்விடும். தெற்கே பன்னேர்கட்டா காடு. மேற்கே அர்க்காவதி நீர்ப்பிடிப்பும், ஒரு காலத்தில் நகரத்துக்குக் குடிநீர் கொடுத்த திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கமும். மிஞ்சும் துண்டுகளில் அரசு நிலம் எங்கே என்று தேடினால் குவாரிதான் கண்ணில் படும்.

அந்த 200 மீட்டர் விஷயம். விதிகள் மோசம் என்று சொல்ல வரவில்லை, ஒன்றும் இல்லாததற்கு இது பரவாயில்லை. ஆனால் மீட்டர் கணக்குக்குத் திசை தெரியாது. கிடங்குக்கு மேட்டுப்பக்கம் 150 மீட்டரில் ஒரு குளம் இருந்தால் அந்த இடம் நிராகரிக்கப்படும், பள்ளப்பக்கம் 250 மீட்டரில் ஒரு ஏரி இருந்தால் தேறிவிடும். ஆபத்து எதற்கு அதிகம்? நம் ஏரிகள் தனித்தனியாக இல்லை, மேலேரி நிரம்பி ராஜகாலுவே என்ற பெரிய வாய்க்கால் வழியாகக் கீழேரிக்குப் போகும் சங்கிலி. கிழக்குப் பக்கம் என்றால் அந்தச் சங்கிலி முடிவில் தட்சிண பினாகினி, அதாவது தென்பெண்ணை, ஓசூருக்கு மேலே கெலவரப்பள்ளி அணை, பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர். கெலவரப்பள்ளியில் நுரை பொங்கும் படங்களைப் பார்த்துவிட்டு 'பெங்களூர்க் கழிவு' என்று திட்டுகிறோம், அது பெரும்பாலும் சாக்கடையும் ஆலைக் கழிவும். குப்பைக் கிடங்கின் சாறு நுரைத்துக் காட்டாது, ஆனால் இறங்குகிற சரிவு அதேதான். ஆக உங்கள் குவாரி விஷயம் ஹொசகோட்டே விஷயம் மட்டும் இல்லை.

இனி அந்த 900 அடி. விதிப்படி கிடங்கின் அடியில் போடும் களிமண் அடுக்குக்குக் கீழே குறைந்தது 2 மீட்டர் தள்ளித்தான் நீர்மட்டம் இருக்க வேண்டும், அதுவும் வருடத்தில் மிக உயர்ந்த மட்டம். போர் 900 அடி என்றால் 2 மீட்டர் எம்மாத்திரம் என்று தோன்றும். மூன்று இடத்தில் இது தவறு. முதலாவது, போரின் ஆழம் வேறு, நீர்மட்டம் வேறு, மோட்டார் இறக்கியிருக்கும் ஆழம் வேறு. இந்த மூன்றையும் குழப்பிப் பேசுவது ரொம்ப சகஜம். இரண்டாவது, கேசிங் பைப் கெட்டிப் பாறை தட்டும் வரைதான் இருக்கும், அதற்குக் கீழே வெறும் துளை. வழியில் இருக்கும் எல்லா வெடிப்புகளிலிருந்தும் அந்தத் துளைக்குள் தண்ணீர் விழும். மழைக்குப் பிறகு மேல் அடுக்கில் 30, 40 அடியில் சேரும் நீர் உங்கள் 900 அடி போருக்கு வந்து சேர ஒரு வெடிப்பும், கேசிங் சரியாக உட்காராத ஓர் இடுக்கும் போதும். மோட்டார் ஓட ஓட அந்த இழுப்பு கூடும். பயன்படுத்தாமல் விட்ட பழைய போர் ஒன்று கிடங்கு எல்லைக்குள்ளேயே இருந்தால் இன்னும் மோசம், அது மேலிருந்து கீழே நேர்க்குழாய். நம் பக்கம் வறண்டுபோன போர்கள் எத்தனை, அதில் எத்தனை சிமெண்டோ பெண்டோனைட்டோ (நீர் பட்டால் உப்பும் களிமண்) ஊற்றி ஒழுங்காக அடைக்கப்பட்டவை என்று எண்ணிப் பார்த்தால் தூக்கம் வராது.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. இன்று மட்டம் தாழ்ந்து கிடப்பது பாறையின் குணம் இல்லை, நாம் உறிஞ்சியதால். கிடங்கு 20 முதல் 25 வருடம் தாங்க வேண்டும், மூடியபின் 15 வருடம் கண்காணிக்க வேண்டும் என்று அதே விதிகள் சொல்கின்றன, ஆக 40 வருடக் கணக்கு. இந்த 40 வருடத்தில் மட்டம் எங்கே இருக்கும்? காவிரி ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் வந்தது, ஒரு நாளைக்கு 77.5 கோடி லிட்டர், நகரத்தோடு சேர்ந்த 110 கிராமங்களுக்காக. 2018 முதல் பெங்களூரில் சுத்திகரித்த கழிவுநீர் கோலார் ஏரிகளுக்குப் போகிறது. குழாய்த் தண்ணீர் வந்தால் போர் ஓய்வெடுக்கும், ஏரி நிரம்பினால் ஊறும், மட்டம் ஏறும். ஏற வேண்டும் என்பதுதானே நம் எல்லோருடைய ஆசையும். அப்படி ஏறும்போது காய்ந்த குழி என்று நம்பித் தேர்ந்தெடுத்த இடத்தின் அடி நனையும். அதனால் 'நீர்மட்டம் எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரு கோடைக்காலத்து அளவைப் பதிலாக வாங்கிக்கொள்ளாதீர்கள். பழைய திறந்தவெளிக் கிணறுகள் நிரம்பியிருந்த காலத்தில் தண்ணீர் எங்கே நின்றது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, கிணற்றுச் சுவரில் அந்தத் தடத்தை அளந்து பார்ப்பது ஒருவகையில் இதைவிட நல்ல தகவல்.

அப்படியானால் எப்படிப்பட்ட இடம் நல்ல இடம்? கிரானைட் நாட்டில் 'பாதுகாப்பான இடம்' என்று ஒன்று கிடையாது, குறைந்த கெடுதல்தான். நான் தேடினால் மக்கிய பாறை தடிமனாக, களிமண் பாங்காக இருக்கும் இடத்தைத் தேடுவேன். செயற்கைக்கோள் படத்தில் நேர்கோடாகத் தெரியும் ஓடைகள், மரவரிசைகள் பெரும்பாலும் அடியில் இருக்கும் பெரிய வெடிப்பின் அடையாளம், அவற்றை விட்டு விலகுவேன். டோலரைட் என்ற கரும்பாறைச் சுவர்கள் நிலத்தடியில் இந்தப் பகுதியில் நிறைய, கன்னங்கரேலென்று பாறையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும், சில இடத்தில் அணை மாதிரி தண்ணீரைத் தடுக்கும், சில இடத்தில் அதன் ஓரமே வாய்க்காலாகிவிடும், தோண்டிப் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது. பள்ளத்தில் வேண்டவே வேண்டாம், மட்டம் மேலே இருக்கும். மேட்டின் உச்சியும் வேண்டாம், அங்கிருந்து இரண்டு பக்கமும் இறங்கும். மேல்சரிவில், வெளித்தண்ணீர் உள்ளே வராத, கீழ்ப்பக்கம் யார் யார் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்த இடம்.

இதையெல்லாம் மேசையில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. கணினியில் அடுக்கடுக்காக வரைபடம் போட்டு மதிப்பெண் கொடுக்கும் முறைகள் உண்டு. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமைக்காக உருவாகி 1987இல் வந்த டிராஸ்டிக் என்ற முறை இங்கே ரொம்பப் பிரபலம், ஆய்வறிக்கைகளில் நிறையப் பார்க்கலாம். நீர்மட்ட ஆழம், மண், சரிவு என்று ஏழு அம்சங்களுக்கு எடை போட்டுக் கூட்டுவது. நூறு இடத்தைப் பத்தாகக் குறைக்க அது உதவும். பத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவாது, ஒரே ஒரு வெடிப்பு அந்தக் கூட்டலில் காணாமல் போய்விடும். அதற்குக் களத்துக்குத்தான் போக வேண்டும். நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளந்து பாறை எந்த ஆழத்தில் என்று பார்க்க வேண்டும், குறைந்தது மூன்று இடத்தில் துளை போட்டு நீர்மட்டத்தை அளந்து ஓட்டத்தின் திசையைக் கண்டுபிடிக்க வேண்டும் (இரண்டு துளையில் திசை கிடைக்காது), அந்தத் துளைகளில் அழுத்தத்தோடு தண்ணீர் செலுத்திப் பாறை எவ்வளவு குடிக்கிறது என்று பார்க்க வேண்டும், இதை மழைக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டும். ஒரு வருடம் ஆகும். யாரும் அந்த ஒரு வருடத்தைக் கொடுப்பதில்லை, ஏனென்றால் முந்தைய கிடங்கை ஊர்க்காரர்கள் மூடிய மறுநாளே அடுத்த இடம் வேண்டியிருக்கிறது.

ஷீட்டும் களிமண்ணும் போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். விதி கேட்பது 1.5 மி.மீ. எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) ஷீட், அதன் அடியில் 90 செ.மீ. களிமண். அந்தக் களிமண் தண்ணீரை விடும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டரில் கோடியில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நல்ல விதி. ஷீட்டில் ஓட்டை விழுந்த இடத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்: மேலே 30 செ.மீ. சாறு தேங்கியிருந்தால், விதிப்படியான அந்தக் களிமண் வழியாக வருடத்துக்கு ஏறக்குறைய 10 செ.மீ. இறங்கும், 90 செ.மீ. தாண்ட ஒன்பது வருடம். கிடங்கின் ஆயுள் 25. அதாவது களிமண் என்பது தாமதம், தடுப்பு இல்லை, இரண்டும் ஒட்டி இருந்தால்தான் வேலை செய்யும். அதுவும் சரியான களிமண்ணாக இருந்தால். நம் செம்மண் சாதாரணமாக அந்த வரம்பைப் போல நூறு மடங்கோ அதற்கு மேலோ வேகமாகத் தண்ணீரை விடும், பெண்டோனைட் கலந்து சரியான ஈரத்தில் இறுக்கினால்தான் அந்த எண்ணிக்கை வரும். பில்லில் பெண்டோனைட் இருக்கும், மண்ணில் இருக்கிறதா என்று சோதனை அறிக்கை கேளுங்கள்.

சாறு எவ்வளவு வரும் என்பதும் இடத்தை மட்டும் பொறுத்தது இல்லை. பெங்களூரில் வருடத்துக்குச் சராசரியாக 970 மி.மீ. மழை என்று வைத்துக்கொண்டால், மூடாமல் கிடக்கும் ஒரு ஹெக்டேர் குப்பைமேல் 97 லட்சம் லிட்டர் விழுகிறது. அதில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே 32 லட்சம் லிட்டர். இது போக ஈரக்குப்பையே பிழிந்து விடுவது தனி. விதிப்படி கிடங்குக்குப் போக வேண்டியது மக்காத, மறுபடி பயன்படாத மிச்சம் மட்டும்தான், சோற்றையும் காய்கறித் தோலையும் புதைக்கச் சட்டத்தில் இடமே இல்லை. வெறும் மிச்சத்தை மட்டும் போடுவதாக இருந்தால், அதையும் தினம் மண் போட்டு மூடி, மழைக்கு முன் கனமாக மூடுவதாக இருந்தால், சுமாரான இடம்கூட தாங்கும். கலந்த குப்பையைத் திறந்துபோட்டால் எந்த இடமும் தாங்காது. ஆகவே உங்கள் ஊர்க் கூட்டத்தில் 'எங்கே' என்பதோடு 'எது' என்பதையும் கேளுங்கள், லாரியில் வருவதைத் திறந்து பார்க்கும் உரிமையை எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் உடனே செய்ய வேண்டியது, லாரி வரும் முன்பே. கிடங்கு தொடங்கும் முன் அந்தப் பகுதி நிலத்தடி நீரின் தரத்தை எடுத்துப் பதிவில் வைக்க வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது. அந்த அறிக்கையைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், சுற்றுச்சூழல் அனுமதிக்கு விண்ணப்பித்திருந்தால் அதன் நகலையும் சேர்த்துக் கேளுங்கள். அவர்கள் தருவார்கள் என்று காத்திராமல் நீங்களும் எடுங்கள், கோடையில் ஒரு முறை, மழைக்குப் பிறகு ஒரு முறை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து, கரைந்த உப்பின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் எண்ணோடு நிறுத்தாமல் குளோரைடு, அம்மோனியா, நைட்ரேட், இரும்பு, மாங்கனீசு, பொட்டாசியம், சிஓடி (கரிம அழுக்கின் அளவைக் காட்டும் சோதனை) எல்லாம் பாருங்கள். குளோரைடை மண்ணும் பிடிக்காது, கிருமியும் தின்னாது, அதனால் அதுதான் முதலில் வந்து சேரும். குடிநீரில் அதற்கு விரும்பத்தக்க அளவு லிட்டருக்கு 250 மி.கி., உங்கள் போரில் இன்று 80 இருந்து நாளை 200 ஆனால் 'வரம்புக்குள்தான் இருக்கிறது' என்பார்கள், ஆனால் அந்த ஏற்றமே சேதி. நைட்ரேட் 45ஐத் தாண்டியிருந்தால் உடனே குப்பைமேல் பழி போடாதீர்கள், செப்டிக் டேங்கும் உரமும் அதைத் தரும். கிடங்குப் பக்கத்தில் காற்றில்லாத சாற்றில் அம்மோனியாவும், பாறையிலிருந்தே கரைந்து வரும் இரும்பும் மாங்கனீசும்தான் அதிகம் தெரியும். எந்தக் கிணறு என்பதும் முக்கியம். கிடங்கு எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் நிலத்தடி நீரைப் பருவம் தோறும் பார்க்க வேண்டும் என்கிறது விதி. அதற்காகப் போடும் துளை வெடிப்பைத் தொடாமல் போனால் 15 வருடமும் சுத்தமாகவே காட்டும். ஆகவே பள்ளப்பக்கம் ஆழம் குறைந்த ஒன்று, ஆழமானது ஒன்று, மேட்டுப்பக்கம் ஒன்று, இவ்வளவாவது உங்கள் பட்டியலில் இருக்கட்டும். பாட்டிலில் பிடிக்கும் முன் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள், குழாயில் நின்ற தண்ணீர் வேண்டாம். தேதி, போரின் ஆழம், கேசிங் ஆழம், மோட்டார் இறக்கிய ஆழம் எல்லாம் எழுதி, பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு நகல் கொடுத்து முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.